கால் பட்ட முதுகுகள்

1

இந்த வருஷம் ராசக்காவின் திவசத்தன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. படையல் இல்லை, விளக்கு இல்லை. நானும் மனைவி புவனமும் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி நடையில், காலை தொடக்கம் பின்னேரம் வரை இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். கதவுக்கு அப்பால் எங்கள் மகள் வதனியின் முதுகைத் திறந்து, வளைந்துபோன முள்ளந்தண்டோடு ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதினாலு வயது.

அந்த நாளைத் தெரிந்தெடுத்தது நாங்கள் அல்ல. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் திகதி அடித்து வந்தது. புவனம் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு மச்சாளின்ர திவசமெல்லே? வேற நாள் கேளுங்கோவன்."

கேட்டேன். தொலைபேசியில் பேசிய பெண் காரணம் என்ன என்றாள். என் அக்கா இறந்த நாள் என்றேன். "ஐயோ பாவம், செத்த வீடு எப்போது?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள். அவ செத்துப் பதினேழு வருஷம் என்றதும் அந்தப் பக்கத்தில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டில் துக்கத்துக்கு விடுமுறை உண்டு, ஆனால் புதிய துக்கத்துக்கு மட்டும்தான். இந்தத் திகதியை விட்டால் பனிக்காலம் முடிந்துதான் அடுத்தது என்றாள். அதுவரை வளைவு காத்திருக்காது என்று வைத்தியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரான திருகோணமலையில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது நாரி, அதுதான் அடிமுதுகு, உளைந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை செய்வது தபால் பிரிக்கும் இடத்தில். குனிந்து குனிந்து மூட்டை அவிழ்க்கிற வேலை. அன்று காலை சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிரவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. எப்படியோ முன்னறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்தேன்.

புவனத்துக்கு இப்படியான நேரங்களில் பயமே வராது. ஊர் வைத்தியம் கையிலே இருக்கிறது அவளுக்கு.

"வதனி, கீழ வா பிள்ளை. அப்பாவுக்கு நாரி பிடிச்சிட்டுது. வந்து ஏறி மிதி."

இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது தப்பித்தவறி இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்த ஒருவர், பிடித்துக்கொண்ட முதுகில் காலை வைத்து மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வதனி அப்படிப் பிறந்தவள். இந்த லண்டன் ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், தாயைப் படாத பாடு படுத்தி, கால் காட்டி வந்தவள். அன்று புவனம் கட்டிலில் கிடந்தபடியே, "மச்சாள்தான் திரும்பி வந்திருக்கிறா" என்று அழுதாள். ஏனென்றால் என் ராசக்காவும் காலால் பிறந்தவதான்.

வதனி படியில் பாதி வரை இறங்கி வந்து நின்றாள். எங்களோடு பேசுவதென்றால் இப்போதெல்லாம் அவளுக்கு இங்கிலிஷ்தான். தமிழ் தேவைப்படுகிறபோது மட்டும், பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சட்டையை எடுப்பதுபோல எடுப்பாள்.

"சீ, அப்பாவை உழக்க எனக்கு ஏலாது. எனக்கே முதுகு நோகுது."

புவனம் விழுந்து விழுந்து சிரித்தாள். "காலால பிறந்தவளுக்கு முதுகு நோவாம்! நல்ல பகிடி. ஊரில சொன்னால் சிரிப்பினம்."

கம்பளத்தில் முகம் புதைத்துக் கிடந்த நான் தலையைத் தூக்கினேன். இதே சொல்லை, இதே சிரிப்போடு, என் அம்மா சொன்னதைக் கேட்டவன் நான். நாரியாவது பிடிப்பாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"பிள்ளை, இஞ்ச வா. திரும்பி நிண்டு குனி."

"ஏன்?"

"குனி எண்டால் குனி!"

நான் கத்தியதைக் கேட்டு அவள் பயந்துபோய்க் குனிந்தாள். தொளதொளத்த கம்பளிச் சட்டையைத் தாய் உயர்த்தினாள். ஒரு பக்கத்துத் தோள்பட்டை எலும்பு மற்றதைவிட உயர்ந்து, விலா ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. முள்ளந்தண்டு நேராக இறங்காமல் நடுவில் வளைந்து போயிருந்தது. புவனத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

எத்தனை காலமாக இப்படி? யாருக்குத் தெரியும்? ஊரில் என்றால் கிணற்றடியில் குளிக்கிற பிள்ளையின் முதுகைத் தாய் பார்ப்பாள், பெரியம்மா பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்துவிட்டு நாலு கதை சொல்லுவாள். இங்கே பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கிறார்கள். அவள் பெரிய வகுப்புக்குப் போனதற்குப் பிறகு அவளுடைய முதுகை நாங்கள் கண்டதே இல்லை.

3

ராசக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவ. எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. கப்பல்கள் உள்ளே நங்கூரம் போட்டு நிற்கும். அரிசி, மா, சீமெந்து எல்லாம் வத்தை என்கிற தட்டைப் படகுகளில் இறங்கிக் கரைக்கு வரும். கரையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைமாருக்கு முதுகுதான் முதல். முதுகு பிடித்தால் அன்றைய சோறு இல்லை. ஆகவே விடிந்தால் எங்கள் வாசல் படலையடியில் யாராவது ஒருவர் நாரியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

முற்றத்தில் பாய் போட்டுக் குப்புறப் படுக்கவேண்டும். முதுகுக்கு மேலே ஒரு துவாய். அக்கா கொய்யாமரத்துக் கொப்பைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே பார்த்து, குதிக்காலால் மெதுவாக அழுத்துவா. பிறகு குனிந்து, கால் பட்ட இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வா. காலால் ஒருவரைத் தொட்ட குற்றத்துக்கு மன்னிப்பு அது. மிதிபட்டவர் எழும்பி, "போட்டு வாறன்" என்று விடை சொல்லாமல், திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் நோவும் திரும்பி வந்துவிடுமாம். இதற்கு யாரும் எதுவும் கொடுப்பதுமில்லை, அக்கா வாங்குவதுமில்லை.

அடிக்கடி வருகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம் காக்கா. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். வத்தையில் வேலை. மலைபோல ஆள்.

"மெதுவா தங்கச்சி, மெதுவா. எலும்பு முறிஞ்சிரும்."

"உங்கட எலும்போ? வத்தைப் பலகை முறிஞ்சாலும் அது முறியாது காக்கா. பேசாமல் கிடவுங்கோ."

அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்த இடங்கள் எல்லாம் இதிலேதான் தட்டிப் போயின. "ஆம்பிளையளின்ர முதுகில ஏறி நிக்கிற பெட்டையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அதற்கும் சிரிப்பா. "அவையளுக்கு நாரி பிடிக்கட்டும், பேந்து வருவினம்" என்பா. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்று முழுக்கக் குசினியை விட்டு வெளியே வரமாட்டா.

அக்காவின் கால் உண்மையிலேயே சுகப்படுத்தியதா? என் நாரிக்கு நான் போய்க் காட்டிய இங்கத்தைய வைத்தியர் சொன்னார்: திடீரென்று பிடிக்கிற முதுகில் பெரும்பாலானவை கொஞ்ச நாளில் தாங்களாகவே விட்டுவிடும், படுத்தே கிடக்காமல் எழும்பி நட, பயப்படாதே. யோசித்துப் பார்த்தேன். அக்காவும் வேறென்ன செய்தா? லேசாகக் காலை வைத்து, "விட்டிட்டுது, எழும்பி நடவுங்கோ" என்றா. அவர்களும் நம்பி எழும்பி நடந்தார்கள். அதனால் அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். என் கோபம் அதன் மற்றப் பாதியில்தான்.

4

மற்றப் பாதி இதுதான்: காலால் பிறந்தவர்களுக்கு முதுகு நோவே வராது.

வெள்ளைக்காரரின் நேவி துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் இருக்கும். நான் படித்து முடித்துவிட்டு ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவின் நடையில் ஒரு மாற்றம் வந்தது. முதுகைத் தடிபோல நிமிர்த்திக்கொண்டு நடந்தா. கீழே ஒரு கரண்டி விழுந்தால் குனிந்து எடுக்கமாட்டா. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல் அப்படியே இறங்கி எடுப்பா.

"மகாராணி இறங்கி வாறா" என்று அம்மா பகிடி பண்ணினா. ஒழுங்கையில் இருந்த பெண்களுக்கு அது எடுப்பாக, தலைக்கனமாகப் பட்டது. கலியாணம் சரிவராத பெட்டைக்கு இந்த வயதில் என்ன நடை என்று கதைத்தார்கள்.

அது நடை அல்ல, நோவு. பின்னேரத்தில் உடம்பு கணகணவென்று காயும். சட்டை தொளதொளத்துப் போனது. படுத்தால் நோ குறையவேண்டும், அக்காவுக்குப் படுத்தால்தான் கூடியது. ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றவவைக் கண்டு, "என்ன அக்கா?" என்றேன்.

"முதுகு உளையுது தம்பி. நடுவில ஒரு முள்ளுக் குத்தினமாதிரி. நீ ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை."

"ஏன்? ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"விசர்க் கதை கதையாதை. காலால பிறந்தவளுக்கு நாரி உளைவெண்டு வெளியில தெரிஞ்சால் ஆர் எங்கட படலைக்கு வருவினம்? எனக்கு இருக்கிறது இது ஒண்டுதானே தம்பி."

நான் கேட்கவில்லை, நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா சிரித்தா. "காலால பிறந்தவளுக்கு முதுகு நோவாம்! ஆரும் கேட்டால் சிரிக்கப் போகினம். வேலைக் கள்ளம்" என்று சொல்லி, நல்லெண்ணெய் காய்ச்சி உள்ளங்காலில் தடவிவிட்டா. முதுகில் அல்ல, காலில்! கால்தானே அக்காவின் சொத்து. அம்மாவுக்கு அக்கா மேல் உயிர். அதனால் அவவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மாரி தொடங்கிய நேரம், ஒரு காலையில் காசிம் காக்கா பாயில் படுத்திருந்தார். அக்கா கொய்யாக் கொப்பைப் பிடித்துக்கொண்டு வலக்காலைத் தூக்கினா. ஊன்றி நின்ற இடக்கால் துணிபோல மடிந்தது. அப்படியே அவர் மேல் விழுந்தா.

"என்ன தங்கச்சி, பாரத்தை முழுக்கப் போட்டுட்டியள்?" என்று அவர் முதலில் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைக் கண்டார்.

"காக்கா, என்ர கால் எங்க?" என்றா அக்கா.

5

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வைத்தியர் அக்காவின் முதுகை விரலால் ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அக்கா அலறினா. படம் பிடித்துப் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டில் சயரோகம் என்றார்.

"சயம் நெஞ்சிலயெல்லோ ஐயா வாறது? பிள்ளை ஒரு நாளும் இருமினதில்லையே" என்று அம்மா கெஞ்சினா. அது எலும்பிலும் வரும், இரண்டு கணுக்களைத் தின்றுவிட்டது, சீழ் கட்டி உள்ளே நரம்பை நெரிக்கிறது என்றார் அவர். மருந்து இருக்கிறது, நோய் மாறும், காலைப் பற்றித் தான் ஒன்றும் சொல்ல ஏலாது என்றும் சொன்னார். "நோத் தொடங்கின உடன கொண்டு வந்திருந்தியளெண்டால், இவ இண்டைக்கு நடந்து திரிஞ்சிருப்பா." அந்த வசனத்தை நான் இங்கே எத்தனையோ இரவுகள் கேட்டுவிட்டேன்.

கொழும்பில் மாதக்கணக்காக, உடம்பின் அச்சுக்கு வார்த்த சாந்துப் படுக்கையில் அசையாமல் கிடந்தா. தினமும் ஊசி. கடதாசிகள் எல்லாம் சிங்களத்தில் வந்தன. எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் யாரையாவது பிடித்துக் கெஞ்சவேண்டும். சொந்த நாட்டில் அந்தப் பழக்கம் வந்துவிட்டபடியால்தான் இந்த ஊர்க் கந்தோர்களில் நான் சீக்கிரம் தேறினேன் போலிருக்கிறது. காய்ச்சல் விட்டது. எலும்பு இறுகியது. கால் திரும்பி வரவில்லை.

வதனியைக் காட்டப் போனபோது வைத்தியர் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது முதுகெலும்பு நோய் இருந்ததா?"

புவனம் அவசரமாக இல்லை என்றாள். நான், "ஓம், என் அக்காவுக்கு" என்றேன். முழுக்கதையையும் என் அரைகுறை இங்கிலிஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது கிருமி, இது வளர்கிற வயதில் எலும்பு தானாகத் திருகுவது, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். பிறகு கம்பி போடுகிறபோது நரம்புக்குச் சேதம் வரலாம் என்றும், மிக அரிதாகத்தான் நடக்கும் என்றாலும் கால்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லிவைப்பது தன் கடமை என்றும் சொன்னார்.

சம்பந்தம் இல்லையாம். ராசக்காவின் காலை அவர் தூக்கிப் பார்த்ததில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஓய்ந்து படுத்தாலும் விடாத முதுகு நோ, பின்னேரக் காய்ச்சல், காரணமில்லாமல் மெலிகிற உடம்பு, கால் விறைப்பது, சிறுநீர் அடைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெயையும் காலையும் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையின் தோள் ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் குனியச் சொல்லிப் பாருங்கள். நோகிறவர் யாராக இருந்தாலும், எப்படிப் பிறந்தவராக இருந்தாலும், நோகுது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

6

அக்காவை ஊருக்குக் கொண்டுவந்து, முற்றம் தெரிகிற யன்னலோடு கட்டிலைப் போட்டோம். படலை சும்மா கிடந்தது. முதுகு விழுந்துபோனவளிடம் முதுகு காட்ட யார் வருவார்கள்? நாட்டாமைமார் ஒழுங்கையால் போகும்போது எங்கள் பக்கம் பாராமல் போனார்கள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

"இப்ப ஒருத்தருக்கும் நாரி பிடிக்கிறேல்லையோ தம்பி?" என்று கேட்பா.

"கப்பல் குறைவு அக்கா" என்பேன்.

ஒரு நாள் பின்னேரம் காசிம் காக்கா வந்தார். நாரியில் கையை ஊன்றி, முனகி முனகி வந்தார்.

"தங்கச்சி, ஏலாமக் கிடக்கு. ஒருக்காக் கால வையுங்க."

"காக்கா, என்ர கால் செத்துப் போச்செல்லே?"

"அது உங்களுக்குத்தான் செத்த. எனக்கு இல்ல."

அம்மா கதவடியில் நின்று சீலைத் தலைப்பைக் கடித்தா. காக்கா கட்டிலோடு ஒட்டித் தரையில் குப்புறப் படுத்தார். நான் அக்காவைப் பிடித்து விளிம்பில் இருத்தினேன். இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி அவருடைய முதுகில் வைத்தேன். மெலிந்து, குளிர்ந்து கிடந்தது. அக்கா கிழக்கே பார்த்தா. முகம் பழைய முகமாக இருந்தது.

காலில் அவவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கால் பட்டிட்டுதோ காக்கா?" என்று கேட்டா.

"ஓம் தங்கச்சி. நல்லாப் பட்டிட்டு."

குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்ற அக்காவால் ஏலாது. நான் அவவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். காக்கா எழும்பி, சொல்லாமல், திரும்பிப் பாராமல் போனார். நான் படலை வரைக்கும் பின்னால் போனேன். ஒழுங்கை முனையில் அவருடைய சைக்கிள் நின்றது. கரியரில் ஒரு முழு அரிசி மூட்டை. சாய்ந்து நின்ற சைக்கிளை மூட்டையோடு நெட்டி நிமிர்த்தி, ஏறி உழக்கிக்கொண்டு போனார். அந்த மனிதருக்கு அன்று நாரியில் ஒரு நோவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் அடிக்கடி வந்தார், அக்கா போகும் வரைக்கும். படுக்கைப் புண்ணில் கிருமி ஏறிக் காய்ச்சலில்தான் போனா. அக்கா இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அந்த வருஷமே கப்பலேறிவிட்டேன். அம்மா செத்த செய்தி இங்கே வைத்துத்தான் கேட்டேன்.

7

பின்னேரம் கதவு திறந்து சத்திரவைத்தியர் வந்தார். எல்லாம் நன்றாக முடிந்தது என்றார். புவனம் கும்பிட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நன்றாக முடிந்தது என்று கொழும்பிலும் சொன்னார்கள்.

வதனியைத் தட்டையாகக் கிடத்தியிருந்தார்கள். முகம் வீங்கி, உதடு காய்ந்து, மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. தாதி கால்விரலை அசைக்கச் சொல்லி இங்கிலிஷில் கேட்டாள். அசைந்தது என்றாள் என்னிடம். போர்வைக்குள் அசைந்ததை நான் காணவில்லை. தாதி புவனத்தோடு பேசத் திரும்பியதும் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். போர்வையின் நுனியைத் தூக்கினேன். அம்மா எண்ணெய் தடவிய அக்காவின் கால்கள், நான் தூக்கி வைத்த கால், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. வதனியின் உள்ளங்காலில் என் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

"பிள்ளை, அப்பாவின்ர கை படுதோ?"

விரலால் மெல்ல ஒரு கோடு இழுத்தேன். கால் வெடுக்கென்று உள்ளே போனது.

"ஐயோ அப்பா, கூசுது," என்றாள் கண்ணைத் திறவாமலே, தமிழில். "விடுங்கோ."

நான் விடவில்லை. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற வெள்ளைக்காரச் சனங்கள் பார்க்கப் பார்க்க, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.